விரட்டியவர் இழந்தார், வரவேற்றவர் வளர்ந்தார்!

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் கடைசி நாட்களிலே அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. போர்ச் செய்திகளுக்கும் வரிச் செய்திகளுக்கும் நடுவே அது பலர் கண்ணில் பட்டிராது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து வந்த ஆராய்ச்சி உதவித் தொகைகளை அந்நாட்டு மத்திய அரசு நிறுத்திவைத்தது என்பதே அச்செய்தி. நின்றுபோனவற்றுள் ஒன்று, தூய கணிதத்துக்கும் பயன்பாட்டுக் கணிதத்துக்குமாக அங்கே 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த பணம். கணித உலகின் மிகப் பெரிய விருதுகளுள் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2006-இல் பெற்ற டெரன்ஸ் டாவோவின் சொந்த ஆராய்ச்சித் தொகையும் அத்துடன் நின்றது.

பல்கலைக்கழகத்தின் மீது அரசு சாட்டிய குற்றம், யூத மாணவர்களுக்கு எதிரான வெறுப்பை அது அடக்கவில்லை என்பது. குற்றம் இருந்தால் விசாரிக்கட்டும். தவறு செய்தவர்களைத் தண்டிக்கட்டும். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால், காகிதமும் பென்சிலும் கணிப்பொறியுமாக இரவெல்லாம் சமன்பாட்டோடு மல்லுக்கு நிற்கிறானே ஆராய்ச்சி மாணவன், அவன் செய்த குற்றம் என்ன? வீட்டிலே சண்டை என்றால் அடுப்பிலே தண்ணீர் ஊற்றுவதா?

இத்தகைய கணிதத்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள், எம்.ஆர்.ஐ. யந்திரத்தின் குழாய்க்குள் படுத்திருக்கும் நோயாளியைக் கேட்கட்டும். அசையாமல் கிடக்க வேண்டும். சில படங்களுக்கு மூச்சையும் அடக்க வேண்டும். பெரியவர்களுக்கே தொல்லை, குழந்தை என்ன செய்யும்? குறைந்த அளவீடுகளைக் கொண்டே முழுப் படத்தையும் மீட்டெடுக்கலாம் என்பதைக் காந்தேஸ், ரோம்பர்க், டாவோ ஆகியோரும், தனியே டொனோஹோவும் 2006-இல் வெளியான கட்டுரைகளிலே நிறுவினார்கள். அந்தக் கணிதம் யந்திரத்துக்குள் புகுந்தது. படமெடுக்கும் நேரம் குறைந்தது. அப்படிப்பட்ட கல்விக்குத்தான் பணம் நின்றது.

ஆகஸ்டு 12-ஆம் நாள் நீதிமன்றம் தலையிட்டது. நிறுத்திய தொகைகளைத் திரும்ப வழங்க ஆணையிட்டது. நீதி கிடைத்தது, மகிழ்ச்சி! ஆயினும் நமக்குக் கவலை நீங்கவில்லை. அதே 2025-இல், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆண்டு நிதியிலே 57 சதவிகிதத்தை வெட்டிவிடலாம் என்று அந்த அரசு யோசனை வைத்தது. மே மாதக் கடைசியிலே, வெளிநாட்டு மாணவர்களின் விசா நேர்காணலுக்குப் புதிதாக நாள் குறிப்பதையே சில வாரங்கள் நிறுத்திவைத்தது. இவற்றையெல்லாம் ஒருசேரப் பார்க்கும்போது நமக்கு வேறொரு நாட்டின் நினைவு வருகிறது. வேறொரு நகரத்தின் நினைவு வருகிறது. அந்த நகரத்தின் பெயர் கோட்டிங்கன்.

கணிதத்தின் தலைநகரம்

ஜெர்மனி நாட்டிலே சிற்றூர் என்று சொல்லத்தக்க ஒரு பல்கலைக்கழக நகரம் கோட்டிங்கன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கணிதம் படிக்க விரும்பிய இளைஞர்கள் உலகின் எந்த மூலையிலிருந்தும் அங்கேதான் சென்றார்கள். ஃபெலிக்ஸ் க்ளைன் என்ற பேராசிரியர், கணிதம் ஏட்டோடு நின்றுவிடக் கூடாது, பட்டறைக்கும் பாலத்துக்கும் பயன்பட வேண்டும் என்று கருதினார். 1904-இல் கார்ல் ருங்கேயை அங்கே வரவழைத்தார். பயன்பாட்டுக் கணிதத்துக்கென்றே ஜெர்மனியில் ஏற்பட்ட முதல் முழுப் பேராசிரியர் பதவி அது. இன்றும் உலகமெங்கும் எண்ணியல் பகுப்பாய்வு படிக்கும் மாணவன் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ளும் ‘ருங்கே–குட்டா’ முறையிலே வாழ்கிறாரே, அந்த ருங்கேதான் இவர்.

எண்ணியல் பகுப்பாய்வு என்றால் என்ன? பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். காற்று எப்படி வீசும், வெள்ளம் எப்படிப் பாயும், பாலம் எவ்வளவு சுமை தாங்கும் என்பவற்றுக்கெல்லாம் சமன்பாடுகள் உண்டு. சமன்பாட்டை எழுதிவிடலாம், தீர்க்கத்தான் முடியாது. பெரும்பாலானவற்றுக்குப் பேனாவால் எழுதக்கூடிய விடை கிடையாது. எனவே நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரிப்பதுபோல் வானத்தைக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். காலத்தைச் சிறு சிறு அடிகளாக நறுக்குகிறார்கள். கூட்டலும் பெருக்கலும் கொண்டு கட்டம் கட்டமாக, அடி அடியாக விடையை நோக்கி நடக்கிறார்கள். கிடைப்பது சரியான விடையன்று. சரியான விடைக்கு அருகிலுள்ள விடை. எவ்வளவு அருகில், எப்போது அருகில், எப்போது அது நம்மைக் குழியில் தள்ளும் என்று கண்டறிவதே இந்தக் கல்வி.

குழியில் தள்ளுமா என்று கேட்கிறீர்களா? தள்ளியிருக்கிறது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்சிலே ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டிய உத்தமர். காயம்பட்டோரை ஏற்றி இறக்கிய நேரம் போக எஞ்சிய நேரத்திலே, கையாலேயே கணக்குப் போட்டு வானிலையை முன்கூட்டிச் சொல்ல முயன்றார். 1922-இல் அதை நூலாக வெளியிட்டார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்றது அவர் கணக்கு. உண்மையிலே அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை! தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றின் அளவுகளில் இருந்த பொருத்தமின்மை, கணக்கிலே பூதாகாரமாய் வளர்ந்துவிட்டது. தம் தோல்வியை மறைக்காமல் அச்சிட்டாரே, அந்த நேர்மைக்காக அவரை நாம் வணங்குகிறோம்.

அந்நாளில் யாருக்கும் தெரியாதிருந்த வேறொரு குழியும் அந்தப் பாதையிலே இருந்தது. அதைக் கண்டு சொன்னது கோட்டிங்கன். 1928-இல் ரிச்சர்ட் கூரண்ட், கூர்ட் ஃப்ரீட்ரிக்ஸ், ஹான்ஸ் லேவி ஆகிய மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். கட்டத்தின் அளவுக்கு ஏற்பக் காலத்தின் அடியும் சிறியதாக இருக்க வேண்டும். இல்லையேல் கணக்கு வெடித்துச் சிதறும் என்பது அதன் சாரம். கட்டம் 100 கிலோமீட்டர், அலை செல்லும் வேகம் விநாடிக்கு 300 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை ஒரு கட்டத்தைக் கடக்க ஏறக்குறைய ஐந்தரை நிமிடம் ஆகும். நீங்கள் ஒரு மணி நேரத்தை ஒரே தாவலில் தாண்டினால், அலை உங்கள் கணக்கை விட்டுவிட்டு எங்கோ போயிருக்கும்! 1950-இல் சார்னி, ஃபியோர்டாஃப்ட், வான் நாய்மன் ஆகியோர் எனியாக் கணிப்பொறியைக் கொண்டு முதன்முதலாக வானிலையைக் கணித்தபோது இந்த விதி அவர்கள் கையிலே இருந்தது. ஒரு நாள் வானிலையைச் சொல்ல அந்தக் கணிப்பொறிக்கு ஏறக்குறைய ஒரு நாளே பிடித்தது என்றாலும், பாதை பிறந்துவிட்டது.

இத்தகைய செல்வத்தை வைத்திருந்த நாடு என்ன செய்திருக்க வேண்டும்? போற்றியிருக்க வேண்டும். என்ன செய்தது?

ஒரு சட்டம், ஒரு நகரம்

1933 ஜனவரியில் ஹிட்லர் பதவி ஏறினான். ஏப்ரல் 7-ஆம் நாள் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணியைச் சீர்படுத்தும் சட்டமாம்! யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் பணியிலிருந்து வெளியேற்றும் சட்டம் அது. சில வாரங்களுக்குள் கோட்டிங்கனிலே பட்டியல் வெளியாயிற்று. கணித நிலையத்தின் இயக்குநர் கூரண்ட், இயற்பியல் அறிஞர் மாக்ஸ் போர்ன், அம்மையார் எம்மி நோதர் எல்லோருக்கும் வேலையில்லை. கூரண்ட், முதல் உலகப் போரிலே ஜெர்மனிக்காகப் போரிட்டுக் காயமடைந்தவர். போர்முனையில் நின்றவர்களுக்கு விலக்கு உண்டு என்று அந்தச் சட்டமே சொல்லிற்று. ஆனாலும் விலக்கு அவருக்குப் பயன்படவில்லை. தாய்நாட்டுக்காகச் சிந்திய இரத்தத்தைக்கூட எந்தக் குலத்து இரத்தம் என்று சோதித்துப் பார்த்த ஆட்சி அது!

நோதர் அம்மையாரின் கதையோ இரட்டைக் கொடுமை. பெண் என்பதால் பல ஆண்டுகள் தம் பெயரில் பாடம் நடத்த உரிமையின்றி, ஹில்பர்ட்டின் பெயரிலே நடத்தி வந்தவர். யூதர் என்பதால் இப்போது விரட்டப்பட்டார். அமெரிக்கா சென்றவர் 1935-இல் மறைந்தார்.

அந்த 1933 நவம்பரிலே பேராசிரியர் லாண்டாவின் வகுப்புக்குள் மாணவர்கள் போகாதபடி தடுத்து நிறுத்தினார்கள். முன்னின்றவன் படிக்காத முரடன் அல்ல. டைக்முல்லர் என்னும் மாணவன், கணிதத்திலே அபாரத் திறமை படைத்தவன். இதை நம் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அறிவு இருந்தால் வெறுப்பு அண்டாது என்று நம்பிவிடக் கூடாது. கூர்மையான மூளையிலும் குல வெறி குடியேறும். டைக்முல்லர் 1943-இல் கிழக்குப் போர்முனையிலே மாண்டான்.

ஃப்ரீட்ரிக்ஸ் யூதர் அல்லர். அவர் நினைத்திருந்தால் பதவியோடும் பவிசோடும் அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால், அவர் காதலித்த நெல்லி என்ற மங்கை யூதர். குலம் கலந்த மணம் குற்றம் என்று 1935-இல் சட்டம் வந்தது. பேராசிரியர் பதவியா, நெல்லியா? 1937-இல் நாட்டை விட்டுப் புறப்பட்டார் ஃப்ரீட்ரிக்ஸ். நெல்லியும் வந்து சேர்ந்தார். அமெரிக்க மண்ணிலே மணம் புரிந்துகொண்டார்கள். குலத்தின் பெயரால் காதலைப் பிரிப்பவர்களை நாமும் கண்டிருக்கிறோம். அதனால்தான் இந்தக் கணித அறிஞரின் வாழ்க்கை நமக்குச் சொந்தக் கதைபோல் படுகிறது.

யூதர்கள் போனபின் கோட்டிங்கனில் கணிதம் எப்படி இருக்கிறது என்று நாஜி அமைச்சர் ஒருவர் முதியவரான ஹில்பர்ட்டைக் கேட்டாராம். கோட்டிங்கனில் கணிதமா, அப்படி ஒன்று இப்போது இல்லையே என்றாராம் அவர். நூற்றாண்டுக் காலம் கட்டிய கோட்டை ஓராண்டுக்குள் காலியாயிற்று.

மாலை வகுப்பிலே மலர்ந்த நிலையம்

விரட்டப்பட்ட கூரண்ட், 1934-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். கணித மேற்படிப்பு என்று சொல்லிக்கொள்ளத்தக்க எதுவும் அன்று அங்கே இல்லை. ஆனால் கூரண்ட் வேறொன்றைக் கண்டார். அந்த மாநகரத்திலே, பிழைப்புத் தேடிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் ஆயிரமாயிரம் பேர் இருந்தார்கள். கட்டணமின்றிக் கற்பித்த நகரக் கல்லூரியிலே படித்துவிட்டு, மேலே படிக்க வசதியின்றி நின்றார்கள். பகலில் வேலை பார்த்தால்தான் இரவில் சோறு. கூரண்ட் என்ன செய்தார்? மேற்படிப்பு வகுப்புகளை மாலை நேரத்தில் வைத்தார்! வேலை முடித்து வந்த வாலிபர்கள் சமன்பாடு கற்றார்கள். ஃப்ரீட்ரிக்ஸ் வந்தார், ஸ்டோக்கர் வந்தார். கையளவு நிலையம் கடல்போல் விரிந்தது. 1964-இல் அதற்குக் கூரண்ட் நிலையம் என்றே பெயர் சூட்டினார்கள்.

ஹங்கேரியிலிருந்து 1941-இல், பதினைந்து வயதிலே அகதியாய் வந்த யூதச் சிறுவன் பீட்டர் லாக்ஸ், அங்கே ஃப்ரீட்ரிக்ஸிடம் பயின்று 1949-இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். கணக்கிடும் முறை சமன்பாட்டுக்கு உண்மையாக இருக்க வேண்டும். வழியிலே நேரும் சிறு பிழையைப் பெருக விடாமல் அடக்க வேண்டும். நேரியல் சிக்கல்களில் இவ்விரண்டும் அமைந்தால் விடை உண்மையை நெருங்கியே தீரும் என்று நிறுவினார். இன்று அத்துறையில் மேற்படிப்புப் படிப்போர் எவரும் லாக்ஸின் பெயரைக் கடக்காமல் பட்டம் பெற முடியாது.

சிறு பிழை பெருகினால் என்ன ஆகும்? 1991 பிப்ரவரி 25-ஆம் நாள், சவூதி அரேபியாவின் தஹ்ரானிலே, பகை ஏவுகணையைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் தளவாடம் தடுக்கவில்லை. பத்தில் ஒரு விநாடி என்பதை அதன் கணிப்பொறி 24 இலக்கங்களுக்குள் நறுக்கி வைத்திருந்தது. ஒரு விநாடியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு பிழை. யந்திரம் 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதும் அது 0.34 விநாடியாக வளர்ந்தது. அதற்குள் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். 28 படைவீரர்கள் மாண்டார்கள். கணக்கு வாத்தியார் போடும் சிவப்புக் கோடு என்று எண்ணாதீர்கள். 28 குடும்பங்களின் கண்ணீர்!

கூரண்ட் நிலையத்தின் கதையிலே கறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 1950-களில் அங்கே யூனிவாக் கணிப்பொறியை நிறுவியது அமெரிக்க அணுசக்தி ஆணையம். போருக்கான பணமும் அந்தக் கட்டடத்துக்குள் புகுந்தது. 1970 மே மாதத்தில் கிளர்ச்சிக்காரர்கள் கணிப்பொறியைக் கைப்பற்றித் தீவைக்க முயன்றதும், லாக்ஸும் மற்றவர்களும் முனைந்து அதைக் காத்ததும் வரலாறு. லேவியின் அனுபவமும் உண்டு. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த அந்த மனிதரிடம், 1950-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் அரசியல் விசுவாச உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்டது. மறுத்தார், பதவி பறிபோயிற்று. பின்னர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபிறகே மீண்டும் இடம் கிடைத்தது. ஆகவே 2025-இல் கண்ட நோய் அந்நாட்டுக்குப் புதியதன்று. ஆனால் அன்று அந்த நாடு தன்னைத் திருத்திக்கொண்டது. 1982-இல் லாக்ஸ் தலைமையில் அமைந்த குழு, பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்குப் பெருங்கணிப்பொறிகள் எட்டாக் கனியாய் உள்ளன என்று எடுத்துரைத்தது. அரசு செவிசாய்த்தது. 1985 முதல் பொதுப் பணத்திலே பெருங்கணிப்பொறி மையங்கள் எழுந்தன. மாணவன் தன் இடத்திலிருந்தபடியே அவற்றைப் பயன்படுத்தினான்.

சென்னையிலிருந்து சென்றவர்

இந்தக் கதையிலே நம்மவர் ஒருவருக்கும் இடமுண்டு. 1940-இல் சென்னையில் பிறந்தவர் சீனிவாச வரதன். தந்தை பள்ளித் தலைமை ஆசிரியர். படித்தது சென்னை மாநிலக் கல்லூரி, அரசுக் கல்லூரி! கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, 1963-இல் கூரண்ட் நிலையத்துக்குச் சென்றார். நிகழ்வதற்கு மிக அரிதான நிகழ்ச்சிகளின் வாய்ப்பை அளக்கும் கணிதத்தை ஒரு முழுக் கோட்பாடாக ஆக்கித் தந்தார். அந்நிலையத்துக்கே இருமுறை இயக்குநராகவும் இருந்தார். 1984-இல் அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் கேத்லீன் மொராவெட்ஸ் என்ற அம்மையார். கோட்டிங்கனிலே ஒரு பெண் தம் பெயரில் பாடம் நடத்த உரிமையின்றிக் காத்திருந்தாரே, அந்தக் கோட்டிங்கனின் வழித்தோன்றலான நிலையத்திலே ஒரு பெண் தலைமை ஏற்றார்!

கணிதத்துக்கான ஏபெல் பரிசு 2005-இல் லாக்ஸுக்கு, 2007-இல் வரதனுக்கு, 2015-இல் அதே நிலையத்தின் லூயி நிரென்பர்க்குக்கும் ஒரு பங்கு. ஒருவர் ஹங்கேரியில் பிறந்தவர், ஒருவர் சென்னையில், ஒருவர் கனடாவில். மூவரில் ஒருவர்கூட அமெரிக்காவில் பிறந்தவர் அல்லர்! அந்த நாட்டின் புகழிலே எத்தனை பங்கு வந்தவர்களால் வளர்ந்தது என்பதை அந்த நாட்டு ஆளவந்தார்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

அவர்கள் மட்டுமா எண்ணிப் பார்க்க வேண்டும்? நம் நாட்டை ஆள்வோரையும் நாம் கேட்கிறோம். பயன்பாட்டுக் கணிதம் பயிலும் ஆராய்ச்சி மாணவன் ஐந்தாண்டு, ஆறாண்டு உழைக்கிறான். அவன் வயதுத் தோழன் கம்பெனியிலே கைநிறையச் சம்பளம் வாங்கும்போது, இவன் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆராய்ச்சி உதவித் தொகையை நம்பி வாழ்கிறான். 2023 ஜனவரி முதல் அது தொடக்க நிலையில் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. நல்லது. அந்தப் பணம் மாதந்தவறாமல் அவன் கைக்கு வர வேண்டும். அரசுக் கல்லூரிகளில் கணித ஆசிரியர் இடங்கள் காலியாய் இருக்கலாகாது. கணிப்பொறி நகரத்துப் பெருங்கல்லூரிக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது. மாணவனைச் சேர்க்கும்போது அவன் குலம், அவன் ஊர், அவன் பேசும் மொழி தடையாகக் கூடாது. இவை சலுகைகள் அல்ல. கூரண்ட் மாலை வகுப்பு வைத்தாரே, அதுபோன்ற ஏற்பாடுகள்.

கோட்டிங்கனை எந்த எதிரிப் படையும் அழிக்கவில்லை. குண்டு வீசி அந்தக் கணித நிலையம் காலியாகவில்லை. கட்டடம் அப்படியே நின்றது. உள்ளே இருந்தவர்கள் போய்விட்டார்கள், அவ்வளவுதான். போனவர்கள் போன இடத்திலே, வேலை முடித்து வந்த தொழிலாளியின் மகனுக்குக் கரும்பலகையில் சமன்பாடு எழுதிக் காட்டினார்கள். விரட்டிய நாடு இழந்ததும் வரவேற்ற நாடு வளர்ந்ததும் அந்தக் கரும்பலகையிலே தெரிந்தது. விரட்டுவோர் வரிசையிலே நம் நாடு ஒருநாளும் சேரக் கூடாது என்பதே நாம் ஆள்வோருக்குச் சொல்வது.